முப்பத்திரண்டு டிகிரி

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். நேற்று தொலைபேசியில் அரை மணி நேரம் என்னைத் திட்டினாயே, அந்தக் குரலில் இருந்த தெம்பைப் பார்த்தால் நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய். சந்தோஷம். தொலைபேசியில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருக்கும் தூசியை எல்லாம் கண்டுபிடித்து எனக்குக் காட்டுகிறார். துடைக்க மட்டும் கை வருவதில்லை. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகிவிட்டது, பெண் குழந்தை. நீ கேட்ட சான்றிதழ் நகலைத் தனி உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'பேசாம அந்தத் தாள்ல கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாரும்மா, இல்லன்னா வேலைய விட்டுட்டு வீட்ல இரு, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வம்பு' என்று சொன்னாய். கையெழுத்தும் போட மாட்டேன், வேலையையும் விட மாட்டேன். அப்பா அரையும் குறையுமாகச் சொன்னதை வைத்துக்கொண்டு நீ தீர்ப்புச் சொல்லிவிட்டாய். முழுக் கதையையும் கேள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. சிநேகிதர்களிடம் 'எங்கம்மா ஆஸ்பத்திரியில ஷாக் கொடுக்கறாங்க' என்று சொல்லிச் சிரித்தாய் என்று கேள்விப்பட்டேன். ஷாக்தான், இல்லை என்று சொல்லவில்லை. கை மரத்துப்போகிறது, கால் எரிகிறது, பிடித்த பொருள் நழுவுகிறது என்று வருகிறவர்களைக் கட்டிலில் படுக்க வைத்து, தோலைத் துடைத்து, மூன்று இடத்தில் ஒட்டுப் பட்டை ஒட்டுவேன். இரண்டு முனை வைத்த ஒரு கருவியை மணிக்கட்டில் அழுத்திச் சின்னதாக கரன்ட் கொடுத்தால் கட்டைவிரல் தானாகத் துள்ளும். துள்ளியது மெஷின் திரையில் ஓர் அலையாக வந்து நிற்கும். அடுத்து முழங்கையில் அதே மாதிரி. இரண்டு இடத்துக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து போட்டால், நரம்பில் சேதி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கையில் நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேலும், காலில் நாற்பதுக்கு மேலும் ஓட வேண்டும். தசையில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையை டாக்டரம்மா செய்வார், நான் பக்கத்தில் நின்று மெஷினைப் பார்த்துக்கொள்வேன்.

படிக்கும்போது நாங்கள் ஒருவர் கையில் ஒருவர்தான் பழகினோம். கூடப் படித்ததெல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள். நாற்பத்தாறு வயதில் வகுப்புக்குப் போன எனக்கு அவர்கள் கொடுத்த மரியாதை, 'அம்மா கையிலதான் நரம்பு ஈஸியா கிடைக்குது' என்று வரிசையில் நின்று என் கையில் அழுத்தியதுதான். அந்த வருடம் என் இடது கையில் பாய்ந்த கரன்ட்டைச் சேர்த்து வைத்திருந்தால் நம் வீட்டு விளக்கு ஒரு மாதம் எரிந்திருக்கும். நான் எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், இந்த வேலையை நான் விளையாட்டாகக் கற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் அறையில் சீனியர் ஒருவர் இருக்கிறார். உன்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். முதல் நாள் வாய் தவறித் தம்பி என்று கூப்பிட்டுவிட்டேன். 'இங்க தம்பி கிடையாதும்மா, சார்' என்று சொல்லி மூக்கை உடைத்தார். அவருக்கு அறையில் வைத்திருக்கும் பட்டப்பெயர் இருபது நிமிஷம். ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம், அதற்கு மேல் ஆனால் கதவைத் தட்டுவார். வெளியே காத்திருப்பவர்களின் கூட்டத்தையும், மாடியில் இருக்கும் நிர்வாக அலுவலகத்திலிருந்து அவருக்கு வரும் தொலைபேசியையும் பார்த்தால் அவர் மேல் முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது.

இந்த மெஷினில் ஒரு வழக்கம் இருக்கிறது. பேர், வயது, உயரம் எல்லாம் போட்ட பிறகு கைச் சூடு என்று ஒரு கட்டம் வரும். நோயாளியின் கை என்ன சூட்டில் இருக்கிறது என்று அளந்து போட வேண்டும். முப்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே இருந்தால் சுடுதண்ணீர்ப் பை வைத்துச் சூடாக்கிய பிறகுதான் சோதனை. ஏனென்றால் கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பே மெதுவாகத்தான் ஓடும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மெஷின் அடுத்த பக்கத்தைத் திறக்காது. நான் சேர்ந்த இரண்டாவது நாள், சூடு பார்க்கும் கருவி எங்கே சார் என்று கேட்டேன். சீனியர் என் தோளுக்கு மேலே கையை நீட்டி முப்பத்திரண்டு என்று தட்டிவிட்டு, 'இதான்மா அளவு, எல்லாருக்கும் இதேதான், போய்க்கிட்டே இருங்க' என்றார். கருவி டிராயரில் பேட்டரி கசிந்து பச்சை பிடித்துக் கிடந்தது. பத்து மாதமாக நானும் முப்பத்திரண்டு தட்டிக்கொண்டே இருந்தேன். வெயிலில் வந்தவர்களுக்கும் முப்பத்திரண்டு, ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கும் முப்பத்திரண்டு. உன் அம்மா ஒன்றும் உத்தமி இல்லை. அதையும் தெரிந்துகொள்.

போன மாதம் நல்ல மழை பெய்த ஒரு நாளில் கிரேன் ஓட்டுபவர் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டுமான இடத்தில் உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பையும் கல்லையும் தூக்கி வைக்கிற வேலை. வலது கை விரல் மூன்று மரத்துப்போகிறது என்று சோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏன்பா இந்த மழையில் நனைந்துகொண்டு வந்தாய் என்று கேட்டேன். மழையும் காற்றும் அடித்தால்தான் கிரேன் நிற்கும், கிரேன் நின்றால்தான் எனக்கு லீவு என்று சொன்னார். சட்டை முழுக்க ஈரம். எங்கள் அறையில் மெஷினுக்காக எப்போதும் ஏசி ஓடும். நான் துண்டு கொடுத்தேன், துடைத்துக்கொண்டு படுத்தார். ஒவ்வொரு ஷாக்குக்கும் ஒரு ஜோக் சொன்னார். என் கையில் அவர் கை சில்லென்று பட்டது. பட்டும் எனக்கு உறைக்கவில்லை. கட்டம் வந்தது, விரல் தானாக முப்பத்திரண்டு என்று அடித்தது.

இரண்டு கை, இரண்டு கால், எல்லா நரம்பும் மெதுவாக ஓடின. கையில் நாற்பத்து மூன்று, காலில் முப்பத்தைந்து. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், உடம்பு முழுக்க நரம்பு நோய் இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் அவர் பதினைந்து நாள் விடுப்பில் போய்விட்டார்.

ஆறாம் நாள் அந்தக் கிரேன்காரர் ரிப்போர்ட் நகல் வாங்க வந்தார். நல்ல வெயில் நாள். கவுண்டரில் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், ஆனால் ஜோக் ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனியில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மேலே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். 'கேட்ல உட்கார வச்சிருக்காங்கக்கா. உள்ள வர்றவன் எல்லாம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டிட்டுப் போறான். மாசக் கடைசிக்குள்ள வேற ஆளப் போடப் போறாங்களாம். எனக்குக் கால்ல ஒண்ணுமே தெரியலியே, அது எப்படிக் காலும் போச்சுன்னு வருது' என்று கேட்டார். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது அவர் விரல் என் மேல் பட்டது. கதகதவென்று இருந்தது.

அவர் போன பிறகு அன்றைய பதிவை எடுத்துத் திரையில் போட்டுப் பார்த்தேன். நோய் வந்த நரம்பின் அலை மெதுவாக வரும், குட்டையாகவும் இருக்கும். குளிர்ந்த நரம்பின் அலையும் மெதுவாகத்தான் வரும், ஆனால் உயரமாக நிற்கும். வகுப்பில் இதை எங்களுக்குப் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். அவருடைய அலைகள் ஒவ்வொன்றும் திரையின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றன. அந்த ஆளுக்கு நோய் இல்லை, மழை. டாக்டரம்மாவுக்கு அது தோன்றாமல் போனதற்கும் காரணம் நான்தான். கை குளிர்ந்திருக்குமோ என்று சந்தேகப்படுவதற்குத்தான் அந்தக் கட்டமே இருக்கிறது. அதில் முப்பத்திரண்டு என்று ஒரு பொய் உட்கார்ந்திருந்தால் அவர் எப்படிச் சந்தேகப்படுவார்?

சீனியரிடம் போய்ச் சொன்னேன், அவரைக் கூப்பிட்டு மறுபடி எடுத்துவிடலாம் சார் என்று. அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். ரிப்போர்ட் கையெழுத்தாகிவிட்டது, ஒன்றைத் திருத்தினால் இத்தனை வருடமும் போட்ட முப்பத்திரண்டு எல்லாம் என்ன என்று கேள்வி வரும், டாக்டர் திரும்பி வரட்டும், நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றார். டாக்டர் வருவதற்குள் அங்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் சார் என்றேன். 'அந்த ஆளு உங்களுக்கு யாரும்மா' என்று கேட்டார். நேற்று நீயும் இதையேதான் கேட்டாய். அவர் எனக்கு யாரும் இல்லை. கட்டிலில் படுத்து, கையை என்னிடம் நீட்டி, இந்த அம்மா சரியாகத்தான் பார்ப்பாள் என்று நம்பியவர். அது போதும் எனக்கு.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் மதியம் கிரேன்காரருக்குத் தொலைபேசி போட்டேன். உன் சோதனையில் தப்பு நடந்திருக்கிறது, தப்பு என்னுடையது, உன் கை குளிர்ந்திருந்ததை நான் அளக்கவில்லை, ரிப்போர்ட்டை நம்பி யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று சொல், மறுபடி வந்து எடுத்துக்கொள் என்றேன். எங்களைப் போன்றவர்கள் நோயாளியிடம் ரிசல்ட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது விதி. தெரிந்தேதான் திறந்தேன். அவர் நேராகக் கம்பெனி மேலாளரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அதற்கு அடுத்த நாள் என் கையில் மெமோ வந்தது.

மெமோவோடு, நான் எழுத வேண்டிய மன்னிப்பையும் அவர்களே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்கள். நோயாளியின் கைச் சூடு முறைப்படி அளக்கப்பட்டது, நான் புரியாமல் நோயாளியிடம் தவறான தகவலைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும் என்று மூன்று வரி. கீழே என் பேர். அதற்குக் கீழே கோடு. நாளைக் காலை பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை தங்கும் என்று சீனியர் சொன்னார். நீ போடச் சொல்கிற தாள் இதுதான். இதில் கையெழுத்துப் போட்டால் அந்த ஆளுக்கு நரம்பு நோய் என்று நானே இரண்டாவது தடவை எழுதிக் கொடுத்த மாதிரி. முதல் தடவை கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு நான் என்ன பேர் வைப்பது?

அதனால் என் விளக்கத்தை நானே எழுதிவிட்டேன். அப்பாதான் தட்டச்சு செய்து கொடுத்தார். நாற்பது வருடம் அலுவலகத்தில் அடுத்தவர்களின் விளக்கக் கடிதம் எல்லாம் அடித்த மனிதர். 'தெரியாமல் நடந்துவிட்டது என்று தொடங்காத விளக்கக் கடிதத்தை இன்னிக்குத்தான் முதல் தடவையா அடிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு, இரண்டு இடத்தில் என் எழுத்துப் பிழையைத் திருத்தினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரே தட்டு வைத்தார், முப்பது வருடத்தில் அது நாலாவது தடவை.

வேலை போனால் போகட்டும் என்று நான் எழுதவில்லை, கவனித்தாயா? போகக் கூடாது. இந்த வேலை எனக்கு வேண்டும். உன்னை வளர்த்து ஆளாக்கிய பிறகு நானாகத் தேடிப் படித்து, சின்னப் பெண்களோடு பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அதைப் பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டும் என்றால்தான் மனசு ஒப்பவில்லை. நாளைக்கு ஒரு கை பார்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிர்காலம் வருகிறது, போர்வையை வெயிலில் போட்டு எடு. என் மேல் கோபம் இருந்தாலும் கடிதத்துக்குப் பதில் போடு.

உன் நலம் நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா


அடுத்த வாரம், புதன்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மாவை வேலையை விட்டுத் துரத்தவில்லை. ஒரு மாதம் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ தொலைபேசியில் கேட்டபோது பாதியில் வைத்துவிட்டேன் அல்லவா, மீதியை எழுதுகிறேன். ஏன் வைத்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனேன். அவர், சீனியர், விடுப்பு முடிந்து அன்றுதான் வந்த டாக்டரம்மா, மூன்று பேர். என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர்கள் அடித்துக் கொடுத்த தாளைக் கையெழுத்துப் போடாமல் மேஜையில் வைத்து, அதற்கு மேலே அப்பா அடித்த தாளை வைத்தேன். நிர்வாக அதிகாரி படித்துவிட்டு, நீங்கள் துறையின் பேரைக் கெடுக்கிறீர்கள் என்றார். நான் கெடுக்கவில்லை சார், நான் என் பேரைத்தான் எழுதியிருக்கிறேன், அளக்காமல் அளந்ததாகப் போட்டவள் நான் என்று, அதில் எந்த வரி பொய் என்று சொல்லுங்கள், அடித்துவிடுகிறேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போய்விட்டது.

டாக்டரம்மா தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். அப்புறம் மடிக்கணினியைத் திறந்து எங்கள் அறைப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று மெதுவாக வாய்விட்டுப் படித்தார். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார். 'இத நம்பித்தானே நான் எழுதிக்கிட்டிருந்தேன்' என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவே இல்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன், அப்போது மட்டும் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சீனியர், நான் சேர்ந்தபோதே இங்கே இப்படித்தான் இருந்தது என்று முணுமுணுத்தார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

கிரேன்காரரை அன்றைக்கே வரச் சொன்னார்கள். நான்தான் எடுக்க வேண்டும், டாக்டரம்மா பக்கத்தில் நிற்பார் என்று ஏற்பாடு. அன்றும் தூறல்தான். புதுப் பேட்டரி போட்ட கருவியைக் கையில் வைத்தேன், இருபத்தேழு காட்டியது. இரண்டு வாளியில் சுடுதண்ணீர் வைத்து, கையையும் காலையும் அதில் விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தோம். 'அக்கா, தலைக்கும் ஊத்திட்டீங்கன்னா குளிச்ச கணக்காயிடும்' என்றார் அவர். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி சூடு பார்த்தேன், முப்பத்து மூன்றரை. பட்டை ஒட்டிக் கரன்ட் கொடுத்தேன். முதல் அலை வந்தது. அளந்து போட்டேன். ஐம்பத்தைந்து. இடது கை ஐம்பத்தாறு. கால் நாற்பத்தாறு. வலது மணிக்கட்டில் மட்டும் ஓர் இடத்தில் நரம்பு நெருக்கப்பட்டு மெதுவாகிறது. நாளெல்லாம் நெம்புகோலைப் பிடித்து இழுக்கிறவருக்கு வருவதுதான். மணிக்கட்டு அசையாமல் பட்டை கட்டிக்கொண்டு, கையை வைத்துக்கொள்ளும் விதத்தை மாற்றினால் போதும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். மரத்துப்போவது குறைகிறதா என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு மேலே ஏறலாம், வேறு ஆளைப் போட மாட்டோம் என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது அவர் என்னிடம் நன்றி சொன்னார். எனக்குச் சொல்லாதே தம்பி, உன்னை இரண்டு வாரம் கேட்டில் உட்கார வைத்ததே நான்தான் என்றேன். தம்பி என்று கூப்பிட்டதற்கு இவர் கோபித்துக்கொள்ளவில்லை.

நோயாளியிடம் நேரடியாகப் பேசியது விதிமீறல், அதற்குத்தான் இந்த ஒரு மாதம். அதற்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் இரண்டு வாரமாகக் குறைக்கிறோம் என்றார் நிர்வாக அதிகாரி. அளக்காமல் போட்டதற்கு எத்தனை மன்னிப்பு வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், தொலைபேசி போட்டதற்கு ஒரு வரி கூட எழுத மாட்டேன், மாதத்தை முழுசாகவே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பா இதைக் கேட்டுவிட்டு, இவளிடம் முப்பது வருடம் தப்பித்திருக்கிறேனே என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இதெல்லாம் ஜெயித்த கதை மாதிரி இருக்கும். அப்படி நினைத்துக்கொள்ளாதே. இந்தப் பத்து மாதத்தில் நான் எடுத்த சோதனைகளில், நரம்பு மெதுவாக ஓடுகிறது என்று போனவை மட்டும் பத்தொன்பது. அவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுகிறார்கள். பதினெட்டுப் பேரிடம் பேசியாகிவிட்டது. ஒரு பெண்ணின் எண் மட்டும் வேலை செய்யவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள். ரிப்போர்ட்டுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு ஊர் மாறிப் போய்விட்டாள் என்று பழைய வீட்டுக்காரர் சொன்னாராம். அவளுக்கு நிஜமாகவே நோய் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அவளை நினைத்தால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. எப்படியாவது அவளைத் தேடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது தொலைபேசியை ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன். என்னைத் தேற்றுவதற்காகத்தான் நீ அதைச் சொன்னாய், எனக்குத் தெரியும். 'விடும்மா, எல்லா இடத்துலயும் இப்படித்தான். நான் கூடத் தினமும் முப்பது லிஃப்ட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் தாள் நிரப்புறேன். எல்லாத்துக்கும் குழிக்குள்ள இறங்கிக் கயிறையும் பிரேக்கையும் பார்த்துக்கிட்டிருந்தா வேலை ஆகுமா? உட்கார்ந்த இடத்துல டிக் போட்டுக் கையெழுத்து. இதுவரைக்கும் ஏதாவது ஆயிருக்கா?' என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை, ஏனென்றால் பத்து மாதம் நானும் அதையேதான் செய்தேன். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனது எல்லாம் அடுத்தவர்களுக்கு. அவர்கள் யாரும் வந்து என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் உன் மேலாளரிடம் சொல்லப் போவதில்லை. அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை. உனக்கும் கூட்டமும் அவசரமும் கதவைத் தட்டும் ஓர் ஆளும் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்லை. நானும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஒரு மாதம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டார்கள். நாலைந்து நாள் உன்னோடு இருந்துவிட்டு வரலாம் என்று நானும் அப்பாவும் முடிவு செய்திருக்கிறோம். பயணச்சீட்டு எடுத்தாயிற்று. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் கட்டடத்து வாசலுக்கு வந்துவிடுவோம். நீ கீழே இறங்கி வர வேண்டாம். உன் வீடு பதினோராவது மாடி, அந்தக் கட்டடத்து லிஃப்ட்டுக்கும் நீதான் கையெழுத்துப் போடுகிறாய் என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தை அப்பா எல்லாருக்கும் படித்துக் காட்டினார். அவருக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது, லிஃப்ட்டுக்குள் நுழைந்ததும் உன் பேர் ஒட்டியிருக்கும் தாளைத் தேடிப் படிக்கப் போகிறார். நான் படி ஏற மாட்டேன். என் மகன் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்டில், உன் அப்பாவோடு, கதவைச் சாத்திக்கொண்டு மேலே வருவேன்.

சனிக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணா. உன் பேரைப் படித்துவிட்டு ஏறுகிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும். ஒரு தடவை அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிடு.

அன்புடன்,
அம்மா